பழைய வீட்டு அடுக்களைச் சீரமைப்பு: தாம்பரமும் தென்சென்னைப் புறநகரும்

சுண்ணாம்புக் காரையாலும் மரத்தாலும் கட்டிய வீடுகளின் அடுக்களையையும், அதைச் சார்ந்த ரேழி, தாழ்வாரம், கிணற்றடி ஆகியவற்றையும் இன்றைய குடும்பப் புழக்கத்துக்கு ஏற்ப மாற்றுவது அடுக்களைச் சீரமைப்பு எனப்படும். பரங்கிமலையிலிருந்து பல்லாவரம், தாம்பரம் வரை இத்தகைய வீடுகள் ஆங்காங்கே இன்னும் நிற்கின்றன. அவற்றில் முதலில் தீர்க்க வேண்டியது தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும்தான். மேடையும் அலமாரியும் அதற்குப் பிறகு வருபவை. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான் நல்ல வீடுகள் கெடுகின்றன.

இப்பகுதியின் பழைய வீடுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். திருநீர்மலை, மாடம்பாக்கம் போன்ற ஊர்களில் கோயிலை ஒட்டிய தெரு வீடுகள் முதல் வகை. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்று வாசலிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் நீளும் அமைப்பு இவற்றுக்கு உண்டு. பரங்கிமலை, பல்லாவரம் கண்டோன்மென்ட் பங்களாக்கள் இரண்டாம் வகை. நெருப்புக்கும் புகைக்கும் அஞ்சிச் சமையற்கட்டை வீட்டிலிருந்து பிரித்துப் பின்னால் தனியே கட்டுவது பங்களா வழக்கம். மூன்றாம் வகை ரயில் கொண்டுவந்தது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் மாறியது. நகரத்தில் வேலை பார்த்தவர்கள் இங்கே தோட்டத்தோடு வீடு கட்டினார்கள். மங்களூர் ஓடு அல்லது மெட்ராஸ் டெரஸ் கூரை, முன்னால் வராந்தா, பின்னால் கிணறு என்பது அந்த வீடுகளின் அமைப்பு.

இந்த மூன்று வகைக்கும் பொதுவானது ஈரத்தையும் உலர்வையும் பிரித்து வைத்த ஒழுங்கு. வெளியிலிருந்து வருபவர் செருப்பை வாசலில் விட்டு, காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார். கூரைத் தண்ணீர் முற்றத்தில் இறங்கித் தூம்பு வழியே வெளியேறும். பாத்திரம் துலக்குவது கிணற்றடியில். அடுக்களை மூலையில் இருந்த சிறு அங்கணம் கை கழுவவும் அரிசி களையவும் மட்டும். குளிர்நாட்டு வீடுகளில் சேறு படிந்த காலணிக்கென்று தனி அறை ஒதுக்குகிறார்கள். நம் ரேழி அந்த வேலையை முன்பே செய்துவந்தது. அங்கே சொரசொரப்பான கடப்பைக் கல்லை வாட்டம் விட்டுப் பாவி, ஒரு குழாயும் வடிகாலும் கொடுத்து, குடைக்கும் ஹெல்மெட்டுக்கும் பள்ளிப் பைக்கும் மாடம் அமைத்தாலே போதும்.

மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாக்கில், குறுக்குச் சாய்வாக அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். மேலே தட்டோடு. இந்தக் கூரையும் சுண்ணாம்புச் சுவரும் ஈரத்தை உறிஞ்சி, மெல்ல வெளியே விடக்கூடியவை. அப்படிப்பட்ட சுவரில் சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டினால் ஓதம் வெளியேற வழியின்றி மேலே ஏறுகிறது. டைல்ஸ் முடியும் இடத்தில் உப்புப் பூத்துச் சுவர் பொரிந்து உதிர்கிறது. இன்னும் மோசமானது, அடுக்களைக்கு நேர் மேலே மாடியில் குளியலறை கட்டுவது. கசிவு முதலில் தேடிப் போவது சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் முனையை. அங்கே திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். நல்ல தேக்கு அசையாது, உளுத்த கட்டையில் முனை சத்தமின்றி இறங்கிவிடும்.

காற்றும் கணக்கில் வர வேண்டும். தென்கிழக்கான அக்கினி மூலையில் அடுக்களை வைப்பது மனையடி மரபு. கோடைக் காலைகளில் மேல்காற்று வீசும்போது விறகுப் புகை வெளியே போய்விடும். கடற்காற்று நண்பகலுக்கு மேல்தான் தென்கிழக்கிலிருந்து கிளம்பும். அதற்குள் பகல் சமையல் முடிந்திருக்கும். இன்று வேலைக்குப் போகும் குடும்பத்தில் மாலையிலும் அடுப்பு எரிகிறது. கிழக்குச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் அது கடற்காற்றை எதிர்த்துத் திணறும். பழைய புகைக்கூண்டின் வழியே குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுபோவதே சரி.

இருட்டிலும் புகையிலும் பெண்களைக் குந்தவைத்த அடுக்களையை எதற்காகக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிறர் கண் படக் கூடாது, இன்னார் உள்ளே நுழையக் கூடாது என்ற சாதி ஆசாரமும் அதைப் பின்கட்டில் ஒளித்தது. அந்த ஆசாரமும் இருட்டும் போக வேண்டியவைதான். நின்று வேலை செய்யும் மேடை வேண்டும். கூடத்தைப் பார்த்து ஒரு திறப்பும் வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட்டில் 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறை, சமைப்பவரின் நடையையும் கையெட்டும் தூரத்தையும் கணக்கிட்டே உருவானது. அதே அக்கறை இங்கேயும் தேவை. ஆனால் கட்டைகளைத் தாங்கும் சுவரை இடிக்கும் முன் முட்டுக் கொடுத்து, இரும்பு உத்திரம் ஏற்ற வேண்டும். சுண்ணாம்பு வேலைக்குச் செலவும் நாளும் கூடுதல் என்பதும் உண்மையே. கை இறுக்கமாக இருந்தால் ஓதம் ஏறும் அடிச்சுவருக்காவது சுண்ணாம்பே பூச வேண்டும்.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது; முடிச்சூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. வெள்ளத்தில் நின்ற ப்ளைவுட் ஊதிப் பிரிந்துவிடும், கடப்பைக் கல் அலமாரியைக் கழுவித் துடைத்தால் போதும். தாம்பரம் 2021இல் மாநகராட்சியானது; பழைய மனைகளில் அடுக்ககங்கள் எழுகின்றன. மிஞ்சிய வீட்டைச் சீரமைக்க நினைப்பவர்கள் ஓர் ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் தண்ணீர் எங்கே தேங்குகிறது, ஓதம் எதுவரை ஏறுகிறது என்று சுவரில் குறித்து வைத்துவிட்டு, தை பிறந்த பிறகு கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.