குரங்கணிப் பாதை

போடியிலிருந்து குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷன் ஏறும் பாதைக்கு இப்போது ட்ரெக்கிங் என்று பெயர். ஒரு காலத்தில் அது தேயிலை வழி. மூணாறு தேயிலை ரயிலில் டாப் ஸ்டேஷன் வரும். ரோப்வேயில் கோட்டகுடிப் பக்கம் இறங்கி போடிக்குப் போகும். 1924 வெள்ளத்தோடு அந்த ரயில் போயிற்று. அன்று அங்கே நடந்தவர்கள் மலையைத் தெரிந்தவர்கள். புல் எப்போது காயும் என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

2018 மார்ச் 11 அன்று தீயில் சிக்கியவர்கள் சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள். கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியெல்லாம் காய்ந்த புல். சரிவில் தீ மேல்நோக்கிப் பாயும். ஓடி ஜெயிக்க முடியாது. 23 உயிர்கள் போயின. அந்த ஆண்டே அரசு மலையேற்ற விதிகள் கொண்டுவந்தது. இப்போது தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள்.

பிப்ரவரி கடைசியில் போகட்டுமா என்றான் பேரன். வனத்துறையில் கேட்டாயா என்றேன். கேட்டான். ஏப்ரல் பாதிவரை மூடலாம். அவன் முகம் சுருங்கியது, எனக்கு நிம்மதி.