ஜாம் போத்தல் விளக்கில் பாடமாக்கிய காலம்

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது நாங்கள் சிறுமிகள். உயர்தர வகுப்புக்கு வந்தபோதும் ஜாம் போத்தல் விளக்குத்தான். மண்ணெண்ணெய் அருமை என்பதால் ஒரு விளக்கைச் சுற்றி நால்வர் இருந்தோம். ஒருத்தி கொப்பியைப் பார்த்துக் கேட்பாள். மற்றவர்கள் பாராமல் சொல்லவேண்டும். பிழைவிட்ட கேள்வி மறுநாளும் வரும், அடுத்த கிழமையும் வரும். தனியே கத்திப் பாடமாக்கியதைவிட இதுவே மனதில் நின்றது. (இடைவெளி விட்டு மீட்பதன் பயனை ஜேர்மனியரான எபிங்ஹவுஸ் 1885இலேயே எழுதிவிட்டாராம், எங்களுக்கு எண்ணெய்த் தட்டுப்பாடுதான் ஆசிரியர்.)

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தோம். விலங்கியல் கொப்பிகள் வீட்டோடு போயின. தென்மராட்சியில் ஒரு மாமரத்தடியில் இருந்து குருதிச் சுற்றோட்டத்தை நினைவிலிருந்து வரைந்தோம். இருகூர் வால்வு எந்தப் பக்கம் என்று பிணக்கு. இடப்பக்கம் என்று அடித்துச் சொன்னவளே சரி. அவள் பரீட்சைக்கு வரவில்லை.