டப்பாவில் சிரித்த குழந்தை

மேட்டுப்பாளையத்தில் என் அமுச்சி வீட்டு அடுக்களையில் ஒரு பால்மாவு டப்பா இருந்தது. உள்ளே கடுகு. வெளியே, துரு தின்றது போக மிச்சமிருந்த படத்தில், கன்னம் புடைத்த ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும்.

"இது யாரு அமுச்சி?" என்று சிறு வயதில் ஒருநாள் கேட்டேன்.

"உன்ற பெரிய மாமன் இப்படி வருவான்னு நெனச்சேன், கண்ணு" என்றாள்.

அந்த மாமனை நான் பார்த்ததில்லை. அவன் ஏழு மாதம்தான் இருந்தான்.

அந்தப் படம் எங்கள் ஊர் வந்து சேர்ந்தது பெரிய கதை. 1867-இல் சுவிட்சர்லாந்தில் வெவே என்ற ஊரில் ஹென்றி நெஸ்லே என்பவர் பால், கோதுமை மாவு, சர்க்கரை மூன்றையும் சேர்த்துக் குழந்தை உணவு ஒன்றைத் தயாரித்தார். நியூஸிலாந்தில் ஜோசப் நேதன் கம்பெனியார் பாலை உலர்த்திப் பொடியாக்கி, 1906-இல் 'கிளாக்ஸோ' என்று பெயரைப் பதிவு செய்துகொண்டார்கள். கறந்த பால் பக்கத்து ஊர் போவதற்குள் திரிந்துவிடும். பொடியான பாலோ கடல் தாண்டிப் போகும். நீலகிரிக்குப் போகிற சாமானெல்லாம் எங்கள் ஊரில் இறங்கி ஏறியே போயின. துரைமார் பங்களாக்களுக்குச் சீமை டப்பாக்களும் அந்த மலை ரயிலில்தான் போயிருக்க வேண்டும்.

1950-களின் பிற்பகுதியில் அந்நியச் செலாவணி முடை வந்து இறக்குமதி இறுகியது. எருமைப் பாலில் குழந்தை உணவு செய்ய முடியாது என்று மேல்நாட்டு நிபுணர்கள் கைவிரித்திருந்தார்கள். மைசூரிலுள்ள மத்திய உணவு ஆராய்ச்சி நிலையத்தார் வழி கண்டுபிடித்தார்கள்; ஆனந்த் கூட்டுறவுக்காரர்கள் 1960-இல் அதைத் தொழிற்சாலை அளவில் செய்யத் தொடங்கினார்கள். நாம் பெருமைப்பட வேண்டிய காரியம்தான். ஆனால் மாவு சுதேசியானாலும், அதைக் கரைக்கிற தண்ணீரும் வாங்குகிறவன் மடியும் பழையபடியே இருந்தன.

அமுச்சிக்கு விஷஜுரம் கண்டு பால் வற்றிப்போயிற்று. அப்புச்சிக்கு உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை எண்ணுகிற வேலை. பத்து நாளைக்கான டப்பாவை அமுச்சி ஒரு மாதம் ஓட்டினாள். மூன்று கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒன்று. பாக்கியெல்லாம் பவானித் தண்ணீர். "வயிறு நெறஞ்சுதான் தூங்குவான். அப்பறம் எதுக்கு எளைக்கறான்னு தெரியலீங்களேன்னு டாக்டருகிட்ட அழுதேன்" என்பாள். எந்தக் கம்பெனி டப்பா என்பது இங்கே வேண்டாத விஷயம். அளவெல்லாம் அதில் ஒழுங்காகத்தான் அச்சிட்டிருந்தது. அமுச்சிக்கு எழுத்துத் தெரியாது. அவள் படித்தது படத்தை மட்டும்தான்.

இதே துயரத்தைக் கண்ட ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் அம்மாள், 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்றே தலைப்பிட்டுப் பேசினார். குழந்தை உணவு பற்றிய தவறான பிரசாரத்தை ராஜத்துரோகமாகத் தண்டிக்க வேண்டும், அதனால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். உலகம் விழித்துக்கொள்ள நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1977-இல் அமெரிக்காவில் நெஸ்லே பகிஷ்காரம் தொடங்கியது. 1981 மே 21-ஆம் தேதி ஜினீவாவில் உலக சுகாதார சபை விளம்பரக் கட்டுப்பாட்டு விதிகளை ஏற்றது. ஆதரவு 118, எதிர்ப்பு ஒன்றே ஒன்று, அமெரிக்கா.

ஜினீவா விதி வெறும் சிபாரிசு. இந்தியா அதைச் சட்டமாகவே ஆக்கியது. 1992-இல் நிறைவேறி 1993 ஆகஸ்டில் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தை 2003-இல் இன்னும் இறுக்கினார்கள். தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்று டப்பாவிலேயே அச்சிட வேண்டும். அதில் குழந்தை படமோ பெண் படமோ போடக் கூடாது. மாவைச் சட்டம் தடுக்கவில்லை. பால் வற்றிய தாய்க்கு அது இன்றும் வேண்டியிருக்கிறது. தடுத்தது அந்தச் சிரிப்பை மட்டும்தான்.

படத்தை எடுத்துவிட்டால் ஆயிற்றா, தண்ணீரும் தரித்திரமும் போய்விட்டனவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பிரிவைப் படித்தபோது, எழுத்தறியாத ஒருத்தியை மனத்தில் வைத்துக்கொண்டு யாரோ அதை எழுதியிருக்கிறார்கள் என்றே எனக்குப் பட்டது.

அமுச்சி போய்விட்டாள். கடுகு டப்பா என்னிடம் இருக்கிறது. அந்தக் குழந்தை இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது.