பரங்கிமலை நிழலில் – 14: கல்கத்தா கல்லறையில் பல்லாவரத்துக் கல்

செம்மஞ்சேரி சுனாமிக் குடியிருப்புக்குள் இந்த வாரம் நுழைந்துவிடுவதாகத்தான் பேச்சு. ஆனால் வழியில் பல்லாவரம் மலை மறிக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. காலை 6.29-க்கு சுமத்ரா அருகே கடலடி நிலம் பிளந்தது. ரிக்டர் கணக்கெல்லாம் தாண்டி 9.1. சென்னையில் மாடி வீடுகளில் கட்டில் ஆடி விழித்தவர்கள் உண்டு. அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அதுவரை கரையில் இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்ததே 2007-ல்தான்.

நிலம் குலுங்கினால் பாறைமேல் உள்ள வீடும் சேற்றுமேல் உள்ள வீடும் ஒன்றுபோல ஆடாது. களிமண் ஆட்டத்தைக் கூட்டிவிடும். 1985-ல் மெக்சிகோ நகரம் சரிந்தது பழைய ஏரிப்படுகைமேல் நின்றதால்தான். பூகம்ப மையமோ முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். சென்னையே 2002-ல் பூகம்ப அபாய வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது.

பல்லாவரம், திரிசூலம் பக்கம் அந்தக் கவலை குறைவு. அடியில் கருங்கல். உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியதுபோல் ஒரு மினுமினுப்பு. இந்தக் கல்லில் ஒன்றுதான் கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கிறது. கல்கத்தாவை நிறுவியவர் என்று பாடப்புத்தகம் கொண்டாடிய ஆசாமி. உடன்கட்டை ஏறப்போன விதவையைச் சிதையிலிருந்து தூக்கிவந்து குடும்பம் நடத்தினார் என்று ஒரு கதை; வங்காளிகள் சலிக்காமல் சொல்வார்கள். நிறுவனர் பட்டத்தை 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் பிடுங்கிக்கொண்டது. ஆனால் 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் கல்லறைக்கல்லைப் பார்த்து இந்தப் பாறைக்கு ‘சார்னகைட்’ என்று வைத்த பெயரை யாரும் பிடுங்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அதை உளியால் பிளந்த பல்லாவரத்துக் கல்லுடைப்பவர்கள் ஹாலண்டின் கண்ணில் படவில்லைபோலும்.

இவ்வளவு கெட்டியான தரை பக்கத்திலேயே இருக்க, கரையோரக் குப்பங்களில் சுனாமிக்குத் தப்பியவர்களை அரசு கொண்டுபோய் இறக்கியது பள்ளிக்கரணைச் சதுப்புக்குத் தெற்கே தாழ்வான செம்மஞ்சேரியில். ஆயிரக்கணக்கான வீடுகள், வலை உலர்த்த மணலில்லை. 2015 டிசம்பரில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டிய மழையின்போது, கடலை விட்டு விலகி வந்தவர்களின் தரைத்தள வீடுகளுக்குள் மறுபடி தண்ணீர் ஏறியது.

அந்த வீடுகளின் கதவைத் தட்டுவது அடுத்த வாரம்.

(தொடரும்)