மதகு

சுங்கை பூலோவை 'மனிதக் கை படாத இயற்கை' என்று நம்மவர்கள் எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். கை படாததா? அங்கே வலசைப் பறவைகள் இறங்குகிற சேற்றுத்தரை பழைய இறால் குளங்களின் அடித்தரை. யாரோ முதுகு ஒடிய வெட்டியது.

இறால் குளம் ரொம்ப எளிமையான ஏற்பாடு. அலையாத்தி மரங்களை வெட்டி, சேற்றை அள்ளிச் சுற்றிலும் கரை போட்டு, ஆற்றுப் பக்கம் ஒரு மதகு வைக்க வேண்டும். ஜொகூர் நீரிணையில் நீர்மட்டம் 3 மீட்டர் வரை ஏறி இறங்கும். ஏற்றத்தில் பலகையைத் தூக்கினால் இறால் குஞ்சுகள் தண்ணீரோடு உள்ளே வந்துவிடும். மூடிவிட்டு வளரவிடலாம். வற்றும்போது மதகு வாயில் வலை கட்டித் திறந்தால் அறுவடை. பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது. ஹைட்ராலிக்ஸ் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் பொறாமைதான்.

1986இல் அந்த வட்டாரம் வேளாண் தொழில்நுட்பப் பூங்காவுக்கென்று திட்டமிடப்பட்டிருந்தது. அப்போதுதான் மலாயன் நேச்சர் சொசைட்டியின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை நோக்கர்கள் அங்கே போனார்கள். முதலில் கண்டவர் என்று ரிச்சர்ட் ஹேல் என்ற வங்கியாளரைச் சொல்வார்கள். சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பறக்கிற உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் குளத்துச் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்தன. அந்தக் குழு ஒரு முன்மொழிவு எழுதி அரசாங்கத்திடம் கொடுத்தது. 1989இல் 87 ஹெக்டர் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993 டிசம்பர் 6 அன்று திறப்பு. 2002இல் 130 ஹெக்டர் காப்பகம். தேதிகள் இவ்வளவுதான், எங்கும் கிடைக்கும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர்கள் மதகை விட்டுவைத்தார்கள்.

குளத்தை அப்படியே கைவிட்டிருந்தால் என்ன ஆகும்? கரை உடையும், கன்றுகள் முளைக்கும், சில ஆண்டுகளில் அலையாத்திக் காடு மூடிக்கொள்ளும். பார்க்கப் பச்சைப்பசேல்னு இருக்கும். ஆனால் உள்ளானுக்குத் திறந்த சேறு வேண்டும். அதன் கால் நீளம் சில சென்டிமீட்டர்தான். கடல் ஏறி வெளிச்சேறு முழுகும் நேரத்தில் குளத்துக்குள் நீர்மட்டம் தாழ்ந்திருந்தால்தான் அது இறங்கி நிற்க முடியும். அதனால் வலசைக் காலத்தில் மதகை வைத்து நீரைக் குறைக்கிறார்கள். சேற்றில் தலைகாட்டும் கன்றுகளையும் பிடுங்க வேண்டியிருக்கிறது. இயற்கையைக் காப்பாற்ற மரக்கன்றைப் பிடுங்குவது! கேட்பவர்களுக்கு அபத்தமாகத்தான் தோன்றும்.

குளம் வெட்டியவர்கள் வீவக வீடுகளுக்குப் போய்விட்டார்கள். இந்த இடத்தின் கதையை 1986இல் தொடங்குவதே நமக்கு வழக்கமாகிவிட்டது. எந்த ஏற்றத்துக்கு எவ்வளவு பலகை தூக்கணும் என்று தெரிந்திருந்தவர்கள் அந்தக் கதையில் ஒரு வரிக்கு மேல் வருவதில்லை. இது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

பூலாவ் உபினிலும் இதே மாதிரி கைவிடப்பட்ட குளங்கள் உண்டு. 2014 முதல் 'ரீஸ்டோர் உபின் மேங்குரோவ்ஸ்' என்ற தன்னார்வக் குழு அங்கே நேர்மாறான வேலையில் இறங்கியிருக்கிறது, காட்டைத் திரும்பக் கொண்டுவர. கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதில் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. நீரோட்டத்தையும் தரைமட்டத்தையும் சரிசெய்தால் விதை தானே வந்து ஊன்றும் என்பது அவர்கள் கணக்கு. குளம் வெட்டியபோது தாழ்ந்துபோன தரை இன்னும் தாழ்ந்தே கிடக்கிறது. அலை தினமும் விதைகளைக் கொண்டுவருகிறது, திரும்ப எடுத்துக்கொண்டும் போகிறது.