அடுப்பில் எரிந்த உரம்



விறகு கிடைக்காத ஊர்களில் மாட்டுச் சாணத்தை வறட்டி தட்டி அடுப்பில் வைப்பது பழைய வழக்கம். காசு மிச்சம்னு தோணும். ஆனால் கணக்குப் பாருங்க. வயலுக்குப் போகவேண்டிய தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. சாம்பலில் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மிஞ்சலாம், தழைச்சத்து மிஞ்சாது. அப்புறம் அதே சத்தை யூரியா மூட்டையாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். புகையில் நின்று சமைத்த தாய்மாருக்கோ கண்ணெரிச்சலும் இருமலும்தான் மிச்சம்.

இந்த நஷ்டத்துக்கு வழி தேடியவர்கள் நம் நாட்டிலேயே இருந்தார்கள். 1939-ல் டில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.வி. தேசாய், சாணத்தைக் காற்றுப் புகாமல் மக்கவைத்து வாயு எடுத்துப் பார்த்தார். 1950-களில் ஜஷ்பாய் படேல், குழியின் மேல் இரும்பு டிரம் மிதக்கும் கலனை அமைத்து, ‘கிராமலட்சுமி’ என்று பெயர் வைத்தார். 1960-களில் காதி கிராமத் தொழில் கமிஷன் இந்த வகைக் கலனைக் கிராமங்களுக்குக் கொண்டு போயிற்று.

இதில் என்ன விசேஷம்? சாணத்தையும் தண்ணீரையும் சம அளவில் கரைத்து ஊற்றினால், வாயு அடுப்புக்கு வரும். தழைச்சத்து, வெளியே வழியும் சாணக் கரைசலில் தங்கி வயலுக்குப் போகும். ஒரே சாணம், இரண்டு வேலை!

1973-ல் உலக எண்ணெய் நெருக்கடி வந்து எண்ணெயும் உரமும் விலை ஏறியபோதுதான் இதன் அருமை பலருக்கும் புரிந்தது. 1981-ல் மத்திய அரசு சாண எரிவாயுவுக்குத் தேசியத் திட்டம் தொடங்கியது. இரும்பு டிரம் விலை அதிகம், துருவும் பிடிக்கும். அதனால் செங்கல்லால் கவிந்த கூரை கட்டும் ‘தீனபந்து’ கலன் 1984-ல் வந்தது.

அப்படியும் எத்தனையோ கலன்கள் வெறுங்குழியாக நின்று போயின. ஏன்? ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 2 கன மீட்டர் வாயு வேண்டும். அதற்கு 50 கிலோ சாணம், அதாவது நாலைந்து மாடு தேவை. மானியம் கிடைக்குதேன்னு இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு பெரிய கலன் கட்டினால் எப்படி எரியும்? டிரம்முக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கவும் ஆளில்லை. தினம் சாணம் சுமந்து, தண்ணீர் தூக்கிக் கரைப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். கலன் கட்டும்போது அவர்களை ஒரு வார்த்தை கேட்டோமா?

2016-ல் ஏழைக் குடும்பங்களுக்குச் சமையல் கேஸ் இணைப்புத் தரும் திட்டம் வந்தது. புகை குறைந்தது, நல்லதுதான். ஆனால் அடுத்த சிலிண்டருக்குப் பணமில்லாத மாதம், பல வீடுகளில் பழைய விறகடுப்பு மறுபடி பற்றிக்கொள்கிறது.

இந்தச் சரித்திரம் சொல்லும் பாடம் ஒன்றுதான். புதுப்பொருள் வாங்கி வைப்பதால் மட்டும் சிக்கனம் வந்துவிடாது. அதை நாள்தோறும் பேணவேண்டும். நாலைந்து மாடு இருந்தால் கலன் கட்டுங்க. கரைக்கும் வேலையில் ஆண்களும் கை கொடுங்க. மாடு குறைவா? சாணத்தை எரிக்காமல் எருக்குழியில் சேருங்க. நன்றாகக் காய்ந்த விறகை எரியுங்க, பருப்பை ஊறவையுங்க, பாத்திரத்தை மூடிச் சமையுங்க. புகை போக அடுப்படிக்கு ஒரு வழி விடுங்க.

மண்ணுக்கு உரியது மண்ணுக்குப் போகட்டும். அதைத் தடுக்காத அடுப்பே நல்ல அடுப்பு.