சுவைப்பவருக்குக் கூலி யார் கொடுப்பது? ஊவாத் தேயிலையும் தர மதிப்பீட்டின் சுயாதீனமும்

பொருளைச் சோதித்து நல்லது கெட்டது சொல்பவர் யாருடைய காசில் வாழ்கிறார்? இலங்கையின் ஊவாவில் பசறை, ஹாலி-எல, நமுனுகுலத் தோட்டங்களில் உருளும் தேயிலை நூறு வருடத்துக்கு மேலாக இந்தக் கேள்வியைச் சுமந்துவருகிறது.

கொழும்பில் முதல் பொது ஏலம் 1883 ஜூலை 30ஆம் திகதி நடந்தது. அன்றிலிருந்து தோட்டத்துத் தூளுக்கு முதலில் விலை மதிப்பவர் தரகர். நீண்ட மேசையில் வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் வரிசையாக நிற்கும். வடித்த சக்கையை மூடியில் கவிழ்த்து நிறம் பார்ப்பார். சாயத்தைக் கரண்டியால் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் புரட்டித் துப்புவார். 1980இல் வந்த சர்வதேச நியமப்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், ஆறு நிமிடம்.

இந்தத் தரகர் விற்பவருக்காக வேலை செய்பவர். விற்ற பணத்தில் கொமிஷன் எடுப்பவர். பெக்டரிகளுக்கு முற்பணமும் கொடுப்பார். அப்படியிருந்தும் அவர் சொல் எடுபடுவதற்குக் காரணம், ஏலத்துக்கு முன்பே மாதிரிகள் வாங்குபவர் கைக்குப் போய்விடுவதுதான். அவர்களிடமும் சுவைஞர் உண்டு. மட்டமான தூளைப் புகழ்ந்தால் அடுத்த வாரம் தரகரை யாரும் நம்பமாட்டார்கள். தரகரின் நேர்மையைக் காப்பது எதிர்ப்பக்கத்து நாக்கு என்றே நான் கருதுகிறேன்.

1925இல் வேறொரு வழி பிறந்தது. அந்த ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, ஏற்றுமதியாகும் தேயிலை மீதான செஸ் வரியே வருமானமாக இருந்தது. தலவாக்கலையில் தலைமையகமும் பசறையில் ஊவாவுக்கான நிலையமும் அமைந்தன. எல்லாத் தேயிலைக்கும் சட்டப்படி விழுந்த வரி என்பதால், பிடிக்காத முடிவு வந்தது என்று எந்த ஒரு தோட்டமும் பணத்தை நிறுத்த முடியவில்லை. இது பெரிய பாதுகாப்பு. ஆனால் நிர்வாகத்தில் அமர்ந்தவர்களில் தோட்ட முதலாளிகளின் பிரதிநிதிகள் இருந்தார்கள். அதனால் விளைச்சலும் 1946இல் தேயிலைச் செடிக்கு வந்த கொப்புள நோயும் ஆராயப்பட்டன; கொழுந்து கிள்ளுபவரின் கேள்விகள் அந்த மேசைக்கு வரவில்லை.

வெளிநாடுகளில் பாதை வேறு. 1936இல் அமெரிக்காவில் தொடங்கிய கன்ஸ்யூமர்ஸ் யூனியன் என்ற நுகர்வோர் அமைப்பு விளம்பரத்தை மறுத்து, சோதிக்கும் பொருளைத் தானே கடையில் வாங்கியது. வாசகர் சந்தா அதைத் தாங்கியது. 1957இல் பிரிட்டனின் 'விச்?' இதழும் அவ்வழியே வந்தது. மேற்கு ஜெர்மனியில் 1964இல் அரசே அமைத்த பொருட்சோதனை அமைப்பான ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்டும் விளம்பரத்தைத் தன் இதழில் ஏற்கவில்லை. சந்தா கட்டும் வசதியுள்ள இலட்சக்கணக்கான வாசகர் இருக்கும் நாட்டுக்கு இவை பொருந்தும். தோட்டக் கடையில் கடனுக்கு மாவு வாங்கும் லயத்துக் குடும்பம் சந்தா கட்டுமா?

இன்று தோட்டங்களுக்கு வரும் சர்வதேசச் சான்றிதழ்களில் பழைய சிக்கல் திரும்பியிருக்கிறது. தணிக்கை செய்பவருக்குக் கட்டணம் கொடுப்பது தணிக்கைக்கு உட்படும் தோட்டமேதான். ஏலத்தில் இருந்த எதிர்ப்பக்கத்து நாக்கு இங்கே இல்லை.

இதே கேள்வி கொழுந்து நிறுக்கும் தராசுக்கும் உண்டு. ஜூலையிலிருந்து செப்ரெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும்போது கொழுந்து மெதுவாகவே துளிர்க்கும். மணம் கூடும், ஏலத்தில் ஊவாத் தேயிலையின் விலை ஏறும். ஆனால் மலையில் தராசு கிலோவை மட்டும் பார்க்கும். சாக்கு நிறை, ஈரம் என்று கழித்தபின் எடை குறைந்தவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. அந்தத் தராசைச் சோதிப்பவருக்கு செஸ் பணத்திலிருந்து சம்பளம் கொடுங்கள். அவரைத் தெரிவுசெய்யும் சபையில் கொழுந்து கிள்ளும் பெண்கள் பாதிப் பேராவது இருக்கட்டும்.